காரியின் முதுகு

ஹோர்லோவின் ரொட்டிக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சகான்புர்கஸ் என்ற அந்த மங்கோலியச் சிற்றூரில் விடியற்காலையில் எந்தப் புகைபோக்கி முதலில் புகைகிறதோ அதுதான் கடை. உள்ளே போனால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பாள். சொல்ல வந்த வேடிக்கைக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிறவள். பாதிச் சிரிப்பில் விஷயம் மறந்துபோகும்; கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அவள் ரொட்டி சுடப் பிறந்தவள் இல்லை. ஆடும் மாடும் குதிரையுமாக நரின் பள்ளத்தாக்கில் இருந்தவள். ஒரு குளிர்காலத்தில் பனி பெய்து, நடுவில் ஒரே ஒரு நாள் உருகி, அன்று ராத்திரியே மறுபடி உறைந்துபோனது. புல்லுக்குமேல் கண்ணாடி பதித்த மாதிரி ஆகிவிட்டது நிலம். ஆடுகள் குளம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நின்றபடியே செத்தன. ஜுத் என்று அதற்குப் பெயர். வசந்தம் வந்தபோது ஹோர்லோவிடம் மிச்சமிருந்தவை சேணம், அண்டா, இரண்டு குதிரைகள். புருஷன் வேலை தேடித் தலைநகரம் போனார். வேலை கிடைத்ததும் ஊரை மறந்துபோனார்.

ஊருக்கு இறங்கிவந்தவளுக்குப் பள்ளி விடுதிச் சமையல்காரி தன் அடுப்பில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். முதல் நாள் சுட்ட ரொட்டி அடியில் கரியாகி, நடுவில் பச்சையாக இருந்தது. தூக்கி எறிய மனசு வரவில்லை. கூடையில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் வாங்கினார்கள். பல வருஷம் கழித்துத்தான் வேன் ஓட்டும் லோதோய் அவளிடம் சொன்னான், அந்த ரொட்டியைத் தன் வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய் வேறு பக்கம் படுத்துக்கொண்டது என்று. ஹோர்லோ சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஆனாலும் வாங்கிக்கிட்டீங்களே” என்றாள். தன் வாழ்க்கையைப் பற்றி அவள் எப்போது பேசினாலும் பேச்சு அந்த இடத்தில் வந்துதான் நிற்கும். வாங்கிக்கிட்டாங்களே.

அடுத்த பெரிய ஜுத் வந்தபோது அவளிடம் சாக ஆடு இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க மற்றவர்களுடையது செத்துக்கொண்டிருந்தது. புத்தாண்டு முடிந்து வெகு நாளாகியும் லோதோயின் வேன் பனிக்கு அடியில் மாடு படுத்த மாதிரி கிடந்தது. மலைப்பக்கமிருந்து யாராலும் இறங்கிவர முடியவில்லை. ஒருநாள் நரிவேட்டைக்குப் போய் வந்த ஒருவன் கடையில் தேநீர் குடிக்கும்போது சொன்னான்: கணவாய்க்கு அப்பால் மேய்ச்சல்காரி பாக்மாவின் கூடாரத்தில் புகை நூல்போலப் போகிறது, பட்டியில் அசைவே இல்லை, புருஷன் மிச்சக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர்கள், விடுதிக்கு வரவேயில்லை.

அன்று சாயங்காலமே ஹோர்லோ மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி பரவி, ஊர் அவள் கடைக்கு நடந்து வந்தது. ஒருவர் ஆட்டுக்கொழுப்பு, ஒருவர் சர்க்கரை, பள்ளி ஆசிரியைகள் சேர்ந்து கட்டித் தேயிலை, சுகாதார நிலையத்துப் பெண் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. ஹோர்லோ மலை மலையாகப் போர்சக் பொரித்துக் குவித்தாள். கொழுப்பில் பொரித்த அந்த மாவுத்துண்டு மாதக்கணக்கில் கெடாது; கல்லாக இறுகும், தேநீரில் ஊறவைத்தால் மறுபடி ரொட்டியாகும். பழைய மாவுச் சாக்குகளைக் கிழித்து வீட்டுக்கு ஒன்றாகத் துணிப்பைகள் தைத்தாள். பள்ளத்தாக்கு நெடுக ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டே போய்க் கணவாயைத் தாண்டிக் கடைசியில் பாக்மா வீடு. அதுதான் திட்டம்.

துணைக்கு லோதோய் வருகிறேன் என்றான். அவன் குதிரையேறி யாரும் பார்த்ததில்லை. ஊரே கூடி நின்று, சாவி எங்கே மாட்டுவது, பின்னால் போக எந்தக் கியரைப் போடுவது என்று கேட்டது.

“நான் ஆறு வயசுலயே பந்தயத்துல ஓட்டினவன்” என்றான் லோதோய்.

“ஆமா, அந்தக் குதிரை இன்னும் இவன எங்கயோ தேடிக்கிட்டிருக்கு” என்றாள் ஹோர்லோ.

அவளுக்குச் செவலை. அவனுக்கு இரவல் வாங்கிய மயிலை. பொதி சுமக்கக் காரி. கறுப்புக் குதிரை, நெற்றியில்கூட ஒரு வெள்ளை மயிர் கிடையாது. குதிரைக்கு இங்கே யாரும் பெயர் வைப்பதில்லை, நிறம்தான் பெயர். விடுதிக்குப் போட்டிருந்த வைக்கோலில் பங்கு தின்றதால் மூன்றும் அந்த வருஷத்துக்குக் கொஞ்சம் தேறி இருந்தன. புறப்பட்டபோது சமையல்காரி, வழி நல்லபடியாக அமையட்டும் என்று அவர்கள் பின்னால் கரண்டியால் பாலைத் தெளித்தாள்.

போகும்போதே லோதோய் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான். போன வருஷம் விடுதியில் பாக்மாவின் மூத்த பெண்ணுக்கு ஒரு கம்பளிக் கோட்டு சும்மா கொடுத்தார்கள். அதை மடித்துக் கட்டித் திருப்பி அனுப்பியவள் பாக்மா. வேனில் எடுத்து வந்தவன் லோதோய்.

“அவ வாங்க மாட்டாக்கா. பதிலுக்குக் குடுக்கத் தன்கிட்ட ஒண்ணு இருந்தாத்தான் வாங்குவா. இப்ப அவகிட்ட என்ன இருக்கப்போகுது?”

ஹோர்லோவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் ரொட்டி பொரித்தபோதெல்லாம் அவள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாள். பிள்ளைகள் பட்டினி கிடக்க, அந்த வீட்டு வாசலிலிருந்து பொதியோடு திரும்பி வருவதுபோல இரண்டு தடவை கனவுகூட வந்தது. “போய்ப் பாத்துக்கலாம்” என்றாள்.

முதல் வீடு கண்ணில் பட்டதும் தூரத்திலிருந்தே இருவரும், நாயைப் பிடிங்க என்று வழக்கப்படி குரல் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் வந்து கடிவாளம் பிடித்தார். குளிர்காலம் எப்படிப் போச்சு என்று ஹோர்லோ கேட்டாள். நல்லபடியாப் போச்சு என்றார் அவர். கூடாரத்துக்குப் பின்னால் செத்த ஆடுகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. நிலைமை எப்படி இருந்தாலும் முதலில் நல்லபடி என்றுதான் சொல்ல வேண்டும், அது வழக்கம். தேநீர் குடித்து, மூக்குப்பொடிக் குப்பி கைமாறி, இன்னொரு கோப்பையும் குடித்த பிறகுதான் அவர், “ஆடு எல்லாம் போயிடுச்சு. மாடு ரெண்டு நிக்குது” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஹோர்லோ பையைக் கொடுத்தாள். அவர் மனைவி இரண்டு கையாலும் வாங்கி, உள்ளதைப் பெட்டியில் கொட்டி, பையை உதறி மடித்தாள். பிறகு மடித்ததை மறுபடி விரித்து, அதில் காய்ந்த தயிர்க்கட்டிகளை அள்ளிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. பாத்திரமானாலும் சரி, பையானாலும் சரி. ஹோர்லோவுக்குத் தெரியாத வழக்கமா? பை தைத்தபோது அது மட்டும் மூளையில் உதிக்கவில்லை. தானே இதே பழக்கத்தில் வளர்ந்தவள், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்தவள் இல்லை. ஆனால் ஜுத் அடித்த வீட்டுக்காரர்கள் எதைப் போட்டுத் தருவார்கள் என்று நினைத்துவிட்டாள். போட்டுத் தந்தார்கள். இரண்டாவது வீட்டில் வெண்ணெய்க்கட்டி. அடுத்ததில் உறைந்த குதிரைமாமிசம், குழந்தைக்கான கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. ஒரு வீட்டில் உப்பு மட்டும்தான் இருந்தது, உப்பைப் போட்டார்கள். போர்சக் இறங்க இறங்கத் தயிரும் கறியும் ஏறின.

நடுவில் ஷாரவ் வீட்டில் ஹோர்லோ மறுத்துப் பார்த்தாள். ஷாரவ் அவளுக்குத் தூரத்து உறவு. எருதுபோல உடம்பு, கீச்சுக் குரல். அவர் முழு ஆட்டுவால் கொழுப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததும், வேண்டாம் அண்ணே, குதிரை தாங்காது, பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் மனைவிதான் அடுப்பில் வறட்டியைத் திணித்தபடி திரும்பாமல் சொன்னாள்:

“அப்ப நாங்க பிச்சை வாங்கினோம்னு வெச்சுக்கலாமா?”

ஹோர்லோ வாயை மூடிக்கொண்டு கொழுப்பை வாங்கினாள்.

வெளியே வந்ததும் லோதோய் பொதியைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். “அக்கா, நாம உதவி பண்ண வந்தமா, வரி வசூலிக்க வந்தமா?”

“கட்டுடா பேசாம.”

“கட்டுறேன். என் தொடை ரெண்டும் உரிச்ச கோழியாட்டம் இருக்கு, அதையும் சேத்துக் கட்டிடவா?”

அவன் நிலைமை நிஜமாகவே பரிதாபம். மயிலை ஓட்டமெடுக்கும் போதெல்லாம் சேணத்தில் நின்றபடி வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் அவனுக்கு வலிக்காமல் உட்கார மெத்தை போட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக ஹோர்லோ மனசுக்குள் அவனுக்கு நன்றி சொன்னாள். எத்தனையோ நாளாக அந்தக் கூடாரங்களில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கிளம்பும்போது ஒரு வீட்டுக்காரி தன் கோட்டின்மேல் இடுப்பில் சுற்றியிருந்த கச்சையை அவிழ்த்து அவன் தொடையில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தாள். அதற்கும் ஏதாவது திருப்பித் தர வேண்டுமே என்று அவன் தவித்து, கடைசியில் வேன் சாவியில் தொங்கிய சின்ன மணியைக் கழற்றிக் கொடுத்தான்.

கணவாய்க்கு ஏறும்போது காற்று மாறியது. உச்சியில் இருந்த வழிபாட்டுக் கற்குவியலைச் சுற்றிவந்து ஆளுக்கொரு கல் போட்டார்கள். அதில் கட்டியிருந்த நீலத்துணிகள் பனியில் விறைத்துப்போய்க் கொடி மாதிரி இல்லாமல் தகடு மாதிரி நின்றன. இரண்டு ராத்திரி மலைச்சரிவில், ஆளில்லாத குளிர்காலப் பட்டிகளில் தங்கினார்கள். வேர்த்த முதுகில் குளிர் பட்டால் குதிரை கெடும் என்று காரியின் பொதியை மட்டும் இறக்கி, அதற்கு அடியில் முதுகில் விரித்திருந்த கம்பளத்தை எடுக்காமல் அப்படியே விட்டாள் ஹோர்லோ. இறக்கத்தில் காரி அடிக்கடி நின்றது. பனி ஆழம் என்று நினைத்து லோதோய் இறங்கி முன்னால் நடந்து தடம் போட்டான். குதிரையில் உட்காருவதைவிட அது அவனுக்குச் சுகமாக இருந்தது.

பாக்மாவின் கூடாரம் தெரிந்ததும் இருவரும் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்கள். குரைக்க நாய் இல்லை. கதவு திறந்து பாக்மா வெளியே வந்தாள். ஒல்லியாக, நிமிர்ந்து, பொத்தான் எல்லாம் போட்டு, தலைத்துணி சுத்தமாகக் கட்டி. பின்னால் இரண்டு பெண்களின் முகங்கள். கன்னத்தில் குளிரின் சிவப்பு இருந்தது. அதற்குக் கீழே எலும்பு தெரிந்தது.

“குளிர்காலம் நல்லாப் போச்சா?” என்றாள் ஹோர்லோ.

“நல்லாப் போச்சுக்கா. நீங்க சுகமா வந்தீங்களா?”

உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பெட்டிகள் துடைத்திருந்தன. அடுப்பில் வறட்டி குறைவாக, கவனமாக எரிந்தது. பாக்மா கொடுத்த தேநீரில் பால் இல்லை. தட்டில் தயிர்க்கட்டிகள் நாலைந்து வைத்து இரண்டு கையால் நீட்டினாள். சின்னவள் அந்தத் தட்டு போகும் திசையெல்லாம் பார்த்தாள். லோதோய் ஒரு விளிம்பை மட்டும் கிள்ளி உதட்டில் வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பினான். ஹோர்லோவும் அப்படியே செய்தாள்.

ரொம்ப நேரம் பேசினார்கள். கணவாயில் பனி எவ்வளவு, ஷாரவின் முட்டிவலி, விடுதியில் புது ஆசிரியை. புருஷனிடமிருந்து தகவல் உண்டா என்று ஹோர்லோ மெதுவாகக் கேட்டாள். வருவார் என்றாள் பாக்மா. கடைசியில் ஹோர்லோ பையை எடுத்துத் தாழ்மேசைமேல் வைத்தாள்.

பாக்மா அதைத் தொடவில்லை.

“இது வேணாங்க்கா. எங்களுக்கு இருக்கு.”

ஊரே சேர்ந்து கொடுத்தது, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்றாள் ஹோர்லோ. பாக்மா தலையாட்டிக் கேட்டாள். பள்ளியில் பிள்ளைகள் பங்கு மாவு மிச்சம் கிடக்கிறது என்று ஹோர்லோ ஒரு பொய்யும் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் பாக்மா தலையாட்டினாள். பிறகு நிதானமாக, குரலில் கோபமே இல்லாமல் சொன்னாள்:

“அவங்க எல்லாம் பையில ஏதாவது போட்டுத் தந்திருப்பாங்க. என்கிட்டப் போட ஒண்ணும் இல்லக்கா. நான் எப்படி வாங்குறது?”

இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டு மறுபடி தேநீர் ஊற்ற எழுந்தவளை ஹோர்லோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்த புதிதில் தன்னிடம் கரிந்த ரொட்டியாவது இருந்தது. கூடையில் எடுத்துப் போய் நீட்ட ஏதோ ஒன்று. இவளுக்கு அதுவும் இல்லை.

வெளியே வந்து லோதோய் கிசுகிசுத்தான்: பேசாமல் பையைப் பட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம், பசித்தால் தானே எடுப்பாள். ஹோர்லோ ஒரே பார்வையில் அவனை அடக்கினாள். நாய்க்கு வைத்துவிட்டுப் போகிற மாதிரி போகச் சொல்கிறாயா என்றாள். ஆனால் வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை. கை அதுபாட்டுக்குக் காரியின் மேல் பொதியை எடுத்து வைத்தது. கனவில் வந்தது இதேதான். கனவில் காரிக்கு இவ்வளவு மூச்சு வாங்கவில்லை.

விருந்தாளி கிளம்பும்போது கட்டு இறுக்க உதவுவது வீட்டுக்காரர் வேலை. பாக்மா வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். இழுத்தாள். காரி காதைப் பின்னால் மடித்து, உடம்பை வில்லாக வளைத்து விலகியது. பாக்மா கயிற்றை விட்டுவிட்டாள். கம்பளத்துக்கு அடியில் கையை விட்டாள். அவள் முகம் மாறியது.

“இறக்குங்க.”

“என்னம்மா?”

“பொதிய இறக்குங்கன்னு சொல்றேன்.”

இறக்கினார்கள். கம்பளத்தை அவள் உரிக்கவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, ஓரமாக நனைத்து நனைத்துப் பிரித்தாள். அடியில் முதுகுமேட்டுக்கு இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய், சீழ் கட்டி இருந்தது. ஒரு பக்கம் ஷாரவின் கொழுப்பு, மறுபக்கம் உப்பும் தயிருமாகச் சமமில்லாத பாரம் இறக்கமெல்லாம் அழுத்தி அரைத்திருக்கிறது. கம்பளத்தை எடுக்காமல் விட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

பாக்மா திட்ட ஆரம்பித்தாள்.

அந்தத் திட்டு பள்ளத்தாக்கில் இன்றும் பேசப்படுகிறது. லோதோய்தான் ஊர் ஊராக நடித்துக் காட்டுவான். வயதில் மூத்தவள் என்றும் பார்க்கவில்லை, விருந்தாளி என்றும் பார்க்கவில்லை.

“நீங்க மேய்ச்சக்காரங்க வீட்டுலதான பொறந்தீங்க? கம்பளத்தத் தூக்கிப் பாக்குறதுக்கு என்ன, கை வலிச்சுதா? ரொட்டி கரிஞ்சா மோப்பம் தெரியுதுல்ல, குதிரை அழுகுறது தெரியலையா?” லோதோய் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னண்ணே, வேன்னு நெனச்சீங்களா? ஸ்பேர் டயர் மாட்டி ஓட்டிக்கலாம்னு?”

ஹோர்லோ தலை குனிந்து நின்றாள். முகம் எரிந்தது. நியாயமான திட்டு, ஒரு வார்த்தை மறுக்க முடியாது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் மெல்ல அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்த பாக்மாவின் குரல் இப்போது நிறைந்து, வீட்டுக்காரியின் குரலாக, அந்தச் சரிவு முழுக்கக் கேட்டது. மூத்த பெண் கதவருகில் வந்து அம்மாவை வேடிக்கை பார்த்தாள்.

திட்டிக்கொண்டே பாக்மா வேலை செய்தாள். இருந்த தேயிலையைக் கட்டியாகக் காய்ச்சி உப்புப் போட்டு ஆறவைத்து, அந்த நீரால் புண்ணைக் கழுவினாள். காரி நடுங்கியது. அதன் கழுத்தில் நெற்றியை வைத்து என்னவோ முணுமுணுத்தாள். குளிர்காலம் முழுக்க அவள் தொட்டதெல்லாம் செத்த உடம்பு. உயிருள்ள ஒரு விலங்கின் சூட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“இது உங்ககூட வராது” என்றாள். “முதுகுல ஒரு துணிகூடப் படக் கூடாது. கணவாய் ஏத்தினா அந்தப் பக்கம் போய்ச் சேராது. இங்கயே நிக்கட்டும்.”

“தீனி?” என்று ஹோர்லோ கேட்டாள்.

பாக்மா மேற்குச் சரிவைக் காட்டினாள். காற்று அங்கே பனியைத் துடைத்துவிட்டிருந்தது. பழுப்புப் புல் நுனிகள் தெரிந்தன. “மேய ஆளில்லாமக் கெடக்கு” என்றாள்.

லோதோய் தொண்டையைச் செருமினான்.

“அப்ப இந்தப் பொதி?”

பாக்மா தரையில் கிடந்த பைகளைப் பார்த்தாள். தான் மறுத்த பை, அதற்கு மேல் பள்ளத்தாக்கின் அத்தனை வீட்டுத் தயிரும் கொழுப்பும் கறியும். செவலையும் மயிலையும் ஆளைச் சுமப்பதே அதிகம் என்பதை அவளால் பார்த்த உடனே சொல்லிவிட முடியும்.

“எதுல ஏத்துவீங்க? உங்க முதுகுலயா?” என்றாள். “கெடக்கட்டும். குதிரை தேறினதும் எல்லாத்தையும் அதுலயே ஏத்திக் கொண்டாந்து குடுத்துடறேன். நான் எடுத்து வெச்சிருக்கேன்.”

எடுத்து வைப்பது வேறு, பிள்ளைகள் வயிறு வேறு. இவள் சொன்னால் சொன்னதுதான். பையின் முடிச்சை அவிழ்க்காமல் கோடைவரை வைத்திருப்பாள். என்ன பேசினாலும் காரியம் கெட்டுவிடும் என்று ஹோர்லோவுக்குத் தோன்றியது. அப்படியும் வாய் திறந்துவிட்டது.

“எடுத்து வெக்கலாம்மா. ஆனா போர்சக் கெட்டுப்போயிடும். இந்தத் தடவ மாவு சரியில்ல. ரெண்டு வாரம்கூடத் தாங்காது.”

லோதோய் வானத்தைப் பார்த்தான். போர்சக் கெட்டுப்போய் எந்த மங்கோலியனும் பார்த்ததில்லை.

பாக்மா நிமிர்ந்து ஹோர்லோவின் கண்ணை நேராகப் பார்த்தாள். காரி மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“தயிர்க்கட்டி?” என்றாள் பாக்மா.

“அதுவும் தாங்காது. ஈரமான பக்கத்துல இருந்துச்சு.”

“கறி?”

“வெயில் வந்தா கறி என்னத்துக்கு ஆகும்?”

“உப்பு?”

ஹோர்லோவால் அடக்க முடியவில்லை. வழக்கம்போலச் சிரிப்பு முந்திக்கொண்டது. வாயைப் பொத்தியும் வெளியே வந்துவிட்டது. “உப்ப நீ பத்திரமா வெச்சிரு” என்றாள்.

பாக்மா சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் ஏதோ தளர்ந்தது. மூத்தவளைக் கூப்பிட்டாள். “இத உள்ள கொண்டு போ. கெட்டுப்போற மாதிரி இருக்கறத எல்லாம் தனியா எடுத்து வை. வீணாகக் கூடாது.” சின்னவள் அதற்குள் பையைக் கட்டிப்பிடித்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

காலிப்பையோ நிறைந்த பையோ அன்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை; எல்லாம் குதிரையோடு வரும் என்று பேச்சு. கிளம்பும்போது தெளிக்கப் பால் இல்லாததால் பாக்மா வெறும் தேநீரைக் கரண்டியில் எடுத்து அவர்கள் பின்னால் தெளித்தாள். செவலையின் கம்பளத்தை ராத்திரி தூக்கிப் பாருங்க என்று அப்போதும் அதட்டினாள். சரிம்மா, பாக்குறேம்மா என்று ஹோர்லோ சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

கணவாய் ஏறும்வரை அவள் ஒரு கிண்டலும் செய்யவில்லை. லோதோய் பயந்துபோய், திட்டினதுக்கு வருத்தமா அக்கா என்று கேட்டான்.

“இல்லடா. நல்லாத் திட்டினால்ல?” என்றாள் ஹோர்லோ. கண் தளும்பியிருந்தது. கற்குவியலருகில் இறங்கி, போட்ட கல்லோடு இன்னொரு கல்லும் போட்டாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. ஷாரவின் கொழுப்புக்காக இருக்கலாம். உப்பு போட்ட வீட்டுக்காக இருக்கலாம். பாவம், காரிக்காகவும் இருக்கலாம்.

கோடை தொடங்கியதும் பாக்மா வந்தாள். புருஷன் மெலிந்துபோய், மிஞ்சிய நாலு குதிரைகளோடு திரும்பிவிட்டிருந்தான். பெண்கள் இருவரையும் விடுதியில் விட்டுவிட்டு, காரியை ரொட்டிக்கடை வாசலில் கட்டினாள். குதிரை மினுமினு என்றிருந்தது. முதுகில் புண் இருந்த இடம் இரண்டிலும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. ஆறிய சேணப்புண்ணில் அப்படித்தான் முளைக்கும். கறுப்பு முதுகில் இரண்டு உள்ளங்கை வைத்த மாதிரி. ஹோர்லோவின் பைகளில் புதுத் தயிர்க்கட்டியும், அந்த உப்பும்.

ஹோர்லோ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காரியைச் சுற்றி நடந்தாள். வெள்ளை மயிரை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னும் ஆறலையே பாக்மா. பாரு, இங்க மெத்துனு இருக்கு. பாரம் ஏத்தக் கூடாது போலிருக்கு. இந்த வருஷம் உன்கிட்டயே நிக்கட்டும். ஆள் ஏறினா ஒண்ணும் ஆகாது. நீ மேய்ச்சலுக்கு ஏறிக்க.”

பாக்மா குதிரையைப் பார்த்தாள், ஹோர்லோவைப் பார்த்தாள். தானும் வந்து அதே இடத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். புண் ஆறி எத்தனையோ வாரமாகியிருந்தது. அந்த இடத்தில் தோல் வார் மாதிரி இறுகியிருந்தது.

“ஆமாங்க்கா” என்றாள். “கொஞ்சம் மெத்துனுதான் இருக்கு.”

அதற்கு மறு வருஷமும் காரி வந்தது, அப்போதும் ஆறவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் ஹோர்லோவும் பாக்மாவும் கடை வாசலில் நின்று அந்த முதுகைத் தடவித் தடவிப் பார்த்து, கவலையாகத் தலையாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருக்கும் லோதோய் ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றி எடுத்து வருகிறான், பால் நிறைய விட்டு.